வேலைக்கு அல்ல, தண்ணீருக்கு

ஒரு தாய் தன் ஆறு வயதுப் பெண்ணை நம் முன்னால் நிறுத்தி, "இவளை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, உங்க ஊர்த் தண்ணி குடிச்சு வளரட்டும்" என்றால் என்ன பதில் சொல்வது?

கார்த்திகை மாதத்தில் என்னிடம் இப்படிக் கேட்டாள் ஒருத்தி. அன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனி பஸ் மறுபடியும் அவள் ஊருக்குப் போகிறது. போனால் அவள் நிற்பாள். அதற்குள் ஏதாவது ஒன்றை நான் முடிவு செய்தாக வேண்டும்.

நாங்கள் இருப்பது ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவுக்குப் பக்கத்தில் ஒரு பொதுத்துறைக் குடியிருப்பு. கல்யாணமாகி வந்தபோது எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. வாசலுக்கு வரும் கறிகாய்க்காரம்மாவிடம் பேசிப் பேசிக் கற்றதுதான் என் தெலுங்கு முழுவதும். பெண் பிறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கொதிக்க வைப்பேன், ஆற வைப்பேன், துணியில் வடிகட்டி மூடி வைப்பேன். மூடியை யாரோ திறந்தது போல இருக்கிறதே என்று மறுபடி கொதிக்க வைப்பேன். "நம்ம வீட்டு காஸ் சிலிண்டர்ல பாதி, சமையலுக்கே போறதில்லை" என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். குழந்தை மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் நடந்தாள். அதனால் அவள் கால்களை நான் பார்க்கிற பார்வையும் ஒரு மாதிரிதான். குளிப்பாட்டும்போது முழங்காலைத் தடவிப் பார்ப்பேன். நேராகத்தான் இருக்கிறது. மறுநாளும் பார்ப்பேன்.

எங்கள் காலனியில் ஊரிலிருந்து யார் வந்தாலும் நாகார்ஜுனசாகர் அணைக்குக் கூட்டிப் போவது வழக்கம். சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆபீஸ் பஸ் கிடைக்கும். விடியும் முன் கிளம்பினால் நல்கொண்டா ஜில்லாவுக்குள் ஒரு சின்ன ஊரில் வண்டி நிற்கும். புளியமரங்கள், நான்கைந்து தெருக்கள், ஒரு அடிபம்பு. குழந்தைகளை இறக்கி மரத்தடியில் ஒன்றுக்கு விடுவோம். பிளாஸ்கிலிருந்து காபி குடிப்போம். ஏறிப் போய்விடுவோம். ஊர்க் குழந்தைகள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை மாற்றியவர் எங்கள் அடுத்த பிளாக்கில் இருக்கும் அக்கா. செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவர் தமிழில் பாதி உருது, பாதி தெலுங்கு. அவர் பேசினால் சங்கக் கூட்டத்தில் யாரும் தூங்க முடியாது.

"அவங்க ஊரு நமக்கு வெறும் கக்கூஸா? ஒவ்வொரு வாட்டியும் எறங்கறோம், அசிங்கம் பண்ணறோம், போறோம். வெக்கமா இல்ல? திரும்பி வரும்போது அங்கயே சாப்புடுவோம். அவங்க சமைக்கட்டும், நாம காசு குடுப்போம். அந்தப் பொம்பளைங்க புரச இலையில தையல் இலை தைக்கறாங்க. நம்ம காலனி கல்யாணம், சீமந்தம், எல்லாத்துக்கும் அங்கயே வாங்குவோம். ஹவ்வா, நக்கோவா, சொல்லுங்க!"

ஹவ் என்றால் சரி, நக்கோ என்றால் வேண்டாம். எல்லோரும் "ஹவ்" என்றோம். அக்கா விதிகளும் போட்டார். இலைக்குப் பேரம் பேசக் கூடாது. குழந்தைகளுக்கு பிஸ்கட்டை வீசி எறியக் கூடாது. கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. அவர்கள் போடுகிற இடத்தில் உட்கார்ந்து அவர்கள் பரிமாறுவதைச் சாப்பிட வேண்டும். சமைப்பவர்கள் என்ன ஜாதி என்று விசாரித்துவிட்டு இரண்டு குடும்பங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "போகட்டும், பஸ்ஸுல எடம் கிடைக்கும்" என்றார் அக்கா.

ஒரு விதியை மட்டும் யாரும் விவாதிக்கவில்லை. தண்ணீர் நம்முடையதாக இருக்க வேண்டும். குடிப்பதற்கும் சரி, நமக்கான சோறு வடிப்பதற்கும் சரி, காலனிக் குழாயில் பிடித்த ஒரு பெரிய டிரம் பஸ்ஸின் பின்பக்கம் ஏறும். அந்த ஜில்லாவின் தண்ணீரில் இருக்கும் புளோரைடு எலும்பைத் தின்னும் என்பது ஹைதராபாத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி நினைத்ததில்லை. காலையில் டிரம்மை அங்கே இறக்கிவிட்டு அணைக்குப் போவோம். மத்தியானம் திரும்பும்போது சோளரொட்டி, பருப்பு, புளிச்சகீரை, நம் தண்ணீரில் வடித்த சோறு, எல்லாம் தயாராக இருக்கும்.

முதல் முறை போனபோது சமையலை நடத்தியவளை எங்கள் மாடி வீட்டு மாமிக்குப் பிடிக்கவில்லை. உயரமான பெண், முப்பது வயது இருக்கலாம். பின்னாலிருந்து "ஏம்மா, இங்க பாரு" என்று கூப்பிட்டால் அவள் தலையைத் திருப்பவே மாட்டாள். முழு உடம்போடு மெதுவாகச் சுற்றித் திரும்பி நின்று, அப்புறம்தான் "என்ன அம்மா" என்பாள்.

"பார்த்தியா, மகாராணி! கழுத்தை ஒடிச்சுப் பார்த்தா கிரீடம் விழுந்துடுமாம்" என்றார் மாமி. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவது முறை, வழியிலேயே என் பெண் மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டாள். அணை வேண்டாம், நாங்கள் இருவரும் இந்த ஊரிலேயே இறங்கி இருக்கிறோம், திரும்பும்போது ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். பஸ் போனபின்தான் என்ன செய்துவிட்டோம் என்று பயமாக இருந்தது. உயரமான பெண் தன் வீட்டு முன்னால் கோரைப் பாயை விரித்து, "குழந்தையைப் படுக்க வையுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் அருகில் பார்த்தேன். அவளுக்குக் கழுத்து திரும்பாது. முதுகும் சரியாக வளையாது. கீழே இருக்கும் பாத்திரத்தை எடுக்க வேண்டுமானால் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி இறங்குவாள். பஸ்ஸில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. நான் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதிமூன்று வயது இருக்கும். உட்கார்ந்து இலை தைத்துக்கொண்டிருந்தாள். ஈர்க்குச்சியை ஒடித்துக் குத்தும் வேகம் பார்க்க அழகாக இருந்தது. சிரித்தால் பற்களில் காவி நிறக் கோடுகள். எழுந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று உரசின. கதவு வரை போக அவள் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். சின்னவள் ஓடிக்கொண்டிருந்தாள். கால்கள் நேராக இருந்தன. முன்பல் இரண்டும் விழுந்த ஓட்டை வாயோடு என் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து குந்தி, அவள் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சிரிக்க வைத்தாள்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ என் கழுத்து திரும்பும்" என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே. "எங்க அம்மா ஊர்ல ஆறு இருக்கு. இங்க வந்து பெரியவ பிறந்தா. அப்புறம் ஒவ்வொண்ணா நின்னு போச்சு. இப்போ இந்த ஊருக்கு யாரும் பொண்ணு குடுக்கறதில்லை. இங்க இருந்து எடுக்கறதும் இல்லை."

"டாக்டர்?"

"தண்ணியை மாத்துன்னு சொன்னாரு." அவள் சிரித்தாள். பற்களில் காவி நிறக் கோடுகள். "ரேஷன் கார்டு மாத்தற மாதிரி சொன்னாரு."

எங்கள் டிரம்மிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அவள் அரிசி களைந்தாள். முதலில் களைந்த தண்ணீரை எருமைத் தொட்டியில் ஊற்றினாள். இரண்டாவது தடவை களைந்ததை ஊற்றவில்லை. துணியில் வடிகட்டி ஒரு சொம்பில் எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டுக்கு மேலே ஒட்டிய வெள்ளை மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி விளையாடப் போனாள். பெரியவள் இலையிலிருந்து தலை நிமிரவில்லை. அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

நல்ல தண்ணீரையே எடுத்துக் கொடேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது எங்கள் தண்ணீர் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிட்டது.

மத்தியானம் பஸ் வந்தது. அணையில் மதகு திறந்திருந்ததாம். அவ்வளவு தண்ணீரைத் தன் ஜன்மத்தில் பார்த்ததில்லை என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். சாரல் மேலே பட்டு எல்லோர் புடவையும் நனைந்திருந்தது. சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில், டிரைவர் பானெட்டைத் திறந்து, டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரை வாளியில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, பம்பு பக்கத்துலயே இருக்கே" என்றேன்.

"அய்யய்யோ, இந்த ஊர்த் தண்ணியா? உள்ள உப்பு படிஞ்சிடும்மா. வண்டி வீணாப் போயிடும்."

அவர் தெலுங்கர். தெலுங்கிலேயேதான் சொன்னார். உயரமான பெண் உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்குக்கூட ஆகாதா?" என்று கேட்டாள். அவளைச் சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலனி டிஸ்பென்சரி டாக்டரிடம் கேட்டேன். சின்னவளைப் போல ஒரு குழந்தையைப் பற்றி. பல்லில் கறை வருவதை இனி ஒன்றும் செய்ய முடியாது, அது ஈறுக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டிருக்கும் என்றார். "எலும்பு வேற விஷயம். வளர்ற வயசு. வேற தண்ணியும் பாலும் கிடைச்சா தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது." அவருக்கு அவ்வளவுதான் சொல்ல இருந்தது. நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவது முறை, டிரம்மைத் திருப்பி எடுத்து வர வேண்டாம், மிச்சத் தண்ணீரோடு அங்கேயே விட்டு வருவோம் என்று சங்கத்தில் நான் சொன்னேன். அக்கா உடனே இரண்டு டிரம்மாக ஏற்றச் சொன்னார். கார்த்திகை மாதம் அது. சாப்பாடு முடிந்ததும், தண்ணீர் உங்களுக்கு என்று சொல்லிவிட்டு, இலைக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தோம். முதலில் இரண்டு பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அப்புறம் அந்தத் தெரு முழுவதும் வந்தது. அப்புறம் அடுத்த தெரு. சமைத்தது நாங்கள், எங்களுக்குத்தான் என்றாள் ஒருத்தி. பஸ் நிற்கிற மரம் எங்கள் வீட்டு மரம் என்றாள் இன்னொருத்தி. எந்தக் கை முதலில் எந்தக் கொண்டையைப் பிடித்தது என்று தெரியவில்லை. ஒரு வயதான பெண் கீழே விழுந்தாள். அவள் மேலேயே ஒரு டிரம் சாய்ந்து தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடியது. இன்னொன்றை யாரோ உருட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் ஓடிய தண்ணீரை ஒரு சிறுமி கையால் அள்ளி அள்ளிக் குடத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். சேறுதான் போயிற்று.

அக்கா நடுவில் போய்க் கத்திப் பிரித்துவிட்டார். அவர் ஜாக்கெட் தோளில் கிழிந்திருந்தது. பஸ்ஸில் இருந்த எங்கள் குழந்தைகள் அழுதன.

அந்தச் சண்டையில் உயரமான பெண் இல்லை. அவளால் குனியவோ தள்ளவோ முடியாது. கூட்டம் கலைந்ததும் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். பின்னால் சுவரைப் பிடித்தபடி பெரியவள்.

"அம்மா, தண்ணி இங்க வந்தா இப்படித்தான். எப்பவும் இப்படித்தான் ஆகும். இவ அங்க வந்தா சண்டை இல்லை. இவளைக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் புரிந்தது. புரியாதது போல, "எங்கே?" என்றேன்.

"உங்க வீட்டுக்கு. ஒரு மூலையில படுத்துக்குவா. உங்க தண்ணி குடிச்சு வளரட்டும். பாப்பாவைப் பாத்துக்குவா, பாப்பாவுக்கும் இவளைப் பிடிக்குதே."

"எனக்கு வேலைக்கு ஆள் வேண்டாம்மா" என்றேன்.

"வேலைக்குன்னு நான் சொல்லலையே. தண்ணிக்குன்னு சொன்னேன்."

"பெரியவ..." என்று ஏதோ ஆரம்பித்தேன். பேச்சை மாற்றத்தான்.

"இவளுக்கு இனிமே எந்தத் தண்ணியும் ஆகாது" என்றாள், பெரியவளின் முன்னாலேயே. அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். அப்புறம் தங்கையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், இப்போதே கிளம்பப் போகிறவளுக்குச் செய்வது போல.

டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "உனக்கு எது சரின்னு படுதோ செய், நான் தடுக்க மாட்டேன்" என்றார். அப்புறம், "இன்னும் ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர் வரலாம். அப்போ அந்தக் குழந்தையை என்ன பண்ணுவே, யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தேன். தெலுங்கு பேசும் ஒரு எட்டு வயதுப் பெண், போபாலிலோ ராஞ்சியிலோ, என் சமையலறையில்.

மாடி வீட்டு மாமிக்குச் சந்தோஷம். "அதிர்ஷ்டம்டி உனக்கு! காசு குடுத்தாலும் ஆள் கிடைக்காத ஊர்ல, தானா வந்து விழறது. சின்னதுலயே பிடிச்சாத்தான் நாம சொல்றபடி வளரும்."

மாமி கெட்டவர் இல்லை. அதுதான் என் பயமே. எங்கள் காலனியில் எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். எல்லோரும் "எங்க பொண்ணு மாதிரி" என்றுதான் சொல்கிறார்கள். குழந்தையோடு விளையாடத்தான் வந்தாள் என்பார்கள். பிறகு பால் வாங்கி வருவாள். பிறகு பாத்திரம் ஒன்றிரண்டு கழுவுவாள். பள்ளிக்கூடம் அடுத்த ஜூனில் என்பார்கள். வீட்டுக் குழந்தை சாப்பிட்ட தட்டில் மிச்சத்தை அவள் சாப்பிடுவாள். யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. எனக்கு ஜுரம் வந்து, என் பெண் அழுது, அடுப்பில் பால் பொங்கும் ஒரு நாளில், அந்தக் குழந்தையை நான் "ஏய், அதைக் கொஞ்சம் எடு" என்று சொல்ல மாட்டேனா? சொல்வேன். ஒரு தடவை சொன்னபின் நிறுத்துவேனா?

அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. "நக்கோ மா, நக்கோ. நாம போறது சாப்பிட, காசு குடுக்க, மரியாதையா திரும்ப. அவங்க புள்ளைய தூக்கிட்டு வர இல்ல. ஒண்ணை எடுத்தேன்னு வை, அடுத்த வாட்டி பத்து தாய்ங்க பத்து புள்ளையோட நிப்பாங்க. அப்புறம் இந்தப் பஸ் அந்தப் பக்கமே போவ முடியாது. இலை வியாபாரமும் போச்சு, சமையல் காசும் போச்சு."

"அப்போ அந்தக் குழந்தை கால், அக்கா?"

"கைக்கு மா, ஏன் மா என்னைக் கேக்குறே?" என்றார். "நானும் ராத்திரி எல்லாம் அதைத்தானே நெனைச்சிட்டிருக்கேன்."

செகந்திராபாத்தில் தனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரிகளின் விடுதியிலும் அவரே போய்க் கேட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்துதான் சேர்ப்பார்களாம். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம். அத்தனை வருஷம் பம்புத் தண்ணீர். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைத்தால் அந்தக் கெடுதல் குறையும் என்று என் கணவர் ஆபீஸில் ஒருவர் சொன்னார். அளவு தவறினால் பலனில்லை, தினமும் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். புருஷன் விடியும் முன் கூலிக்குப் போய்விடும் வீட்டில் அதை யார் தினமும் செய்வார்கள்? குனிய முடியாத அவளா, நடக்க முடியாத பெரியவளா?

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுப் படுப்பேன். காலையில் என் பெண்ணைக் குளிப்பாட்டும்போது கை முழங்காலுக்குப் போகும். முடிவு கலைந்துவிடும். இந்தப் பொங்கலுக்குப் பஸ்ஸில் போகாமலே இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. நான் போகாவிட்டாலும் பஸ் அங்கே நிற்கும். இறங்குகிறவர்களில் என்னைத் தேடுவதற்காக அவள் ஒவ்வொரு முகத்துக்கும் முழு உடம்போடு திரும்ப வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். பிறர் குழந்தையைக் கூட்டி வந்து, உண்மையாகவே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தட்டிலும் பாயிலும் வித்தியாசம் இல்லாமல் வளர்த்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எந்த இடத்தில் வழுக்கும் என்றும் மறைக்காமல் எழுதுங்கள். மாட்டேன் என்று சொன்னவர்கள், அதற்குப் பிறகு அந்தத் தாயை எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

எல்லோரையும்விட, சின்ன வயதில் அப்படி ஒரு வீட்டில் கொண்டுபோய் விடப்பட்ட பெண்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம்தான் எனக்கு அதிகம் கேட்க இருக்கிறது. உங்கள் அம்மா உங்களை முன்னால் நிறுத்திக் கேட்டபோது, அந்த வீட்டு அம்மாள் என்ன சொல்லியிருந்தால் உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்? பொங்கலுக்கு முன்னால் சொல்லுங்கள்.